கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகாத சின்ன பெட்ரோல் எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் ஓடும் சின்ன மிஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். புல் வெட்டும் பிரஷ் கட்டர், களை எடுக்கும் பவர் வீடர், தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்ப்செட், மரம் அறுக்கும் செயின்சா, வீட்டு ஜெனரேட்டர் என்று எது வந்தாலும் கூட வரும் புகார் ஒன்றுதான்: "இழுத்து இழுத்துக் கை ஓஞ்சு போச்சு, ஸ்டார்ட் ஆகல."

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னைகள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த செயின்சாவையும் ஜெனரேட்டரையும் ஊரே ஒரே நாளில் வெளியே எடுத்தது. பாதி கிளம்பவில்லை. கழற்றிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் உடைந்திருக்காது. என்றைக்கோ ஊற்றிய பெட்ரோல், அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு மிஷின் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் கண்ணால் பார்த்தேன். அப்போதிருந்து யார் கேட்டாலும் சொல்லி வருவதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) திறந்திருக்கிறதா? டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் (காற்றை மறிக்கும் லிவர்) போட்டீர்களா? ஆக்சிலேட்டர் லிவர் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறதா? பிளக் கேப் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா? இதெல்லாம் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இருபது கிலோ மிஷினை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு வந்தவர், நான் காக்கைத் திருப்பி ஒரு இழு இழுத்ததும் ஓடிய மிஷினைப் பார்த்து நின்றதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். பிரஷ் கட்டரின் கைப்பிடி சுவிட்ச் புல்சாறும் மண்ணும் படிந்து ஆஃபிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை நாலு தடவை ஆன், ஆஃப் செய்து பாருங்கள்.

அதற்கு மேலும் கிளம்பவில்லை என்றால் எஞ்சினுக்கு வேண்டியது நான்கு: பிளக்கில் கரண்ட் (தீப்பொறி), நல்ல பெட்ரோல், காற்று, கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ளே அமுக்கும் அழுத்தம்). நான் பார்ப்பதும் இந்த வரிசையில்தான். காரணம், பிளக்கைக் கழற்றினால் ஒரே வேலையில் கரண்ட் வருகிறதா என்றும் தெரிந்துவிடும், பெட்ரோல் உள்ளே போகிறதா என்றும் தெரிந்துவிடும். எடுத்தவுடன் கார்பரேட்டரைப் பிரிப்பவர்களால்தான் எனக்கு வேலை அதிகமாகிறது.

நேற்று சாயங்காலம் வரை ஓடியது. இன்று காலையில் சுத்தமாகக் கரண்டே இல்லை. ஒரே ராத்திரியில் எப்படி?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் (ஆயிலைப் பெட்ரோலில் கலக்காமல் தனியாக ஊற்றும் வகை) என்றால் ஆயிலைப் பாருங்கள். ஜெனரேட்டர்களிலும் பல பம்ப்செட்களிலும் ஆயில் குறைந்தால் கரண்டைத் துண்டித்துவிடும் சென்சார் இருக்கும். எஞ்சினைக் காப்பாற்றத்தான் அது அப்படிச் செய்கிறது. மிஷினைச் சமதளத்தில் வைத்து ஆயில் மூடியைத் திறந்தால், ஆயில் திருகு வாயின் விளிம்பு வரை நிற்க வேண்டும். 163 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி எஞ்சினுக்கு மொத்தமே 0.6 லிட்டர்தான் பிடிக்கும். நூறு, நூற்றைம்பது மில்லி குறைந்தாலே சென்சார் வேலையைக் காட்டலாம். வரப்பில் சாய்வாக வைத்து இழுத்தாலும் இதே கதைதான், ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சந்தைக்கு வரும் சீன எஞ்சின்கள் பலவும் இந்த அமைப்பை ஒட்டியே செய்யப்பட்டவை என்பதால், கீழே வரும் அளவுகளையும் இதை வைத்தே சொல்கிறேன். உங்கள் மிஷினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்?

ஓரளவு அனுபவம் வந்தால் எஞ்சினின் ஜாதகமே தெரியும். நாலு ஸ்ட்ரோக்குக்கு 21 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும், பிரஷ் கட்டருக்கு அனேகமாக 19 மி.மீ. கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுனியில் ஈரம் மின்னி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது. சிக்கல் கரண்டில் இருக்கலாம், இல்லை பெட்ரோல் ஓவராகி நனைந்திருக்கலாம். பத்துத் தடவை இழுத்த பிறகும் நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவே இல்லை என்று அர்த்தம். கார்பரேட்டர் பக்கம் போகலாம். அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது சோக்கை எடுக்காமலே ஓட்டியிருப்பீர்கள். கறுப்பு எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலவை அதிகம். நாலு ஸ்ட்ரோக்கில் மிஷினைத் தப்பான பக்கம் சாய்த்ததாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்ததாலோ ஆயில் மேலே ஏறுகிறது. இளம் பழுப்பு, காய்ந்த பாக்கு நிறம் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது.

ஒரு முறை ஒரு செயின்சா பிளக்கில், இரண்டு முனைகளுக்கும் நடுவே எள்ளில் பாதி அளவு கரித்துணுக்கு ஒன்று பாலம் போட்டிருந்தது. கண்ணுக்குச் சட்டென்று படாது. நகத்தால் தட்டிவிட்டதும் இரண்டாவது இழுப்பில் ஓடியது. அதனால்தான் வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முனை இடைவெளி நாலு ஸ்ட்ரோக்குக்கு 0.7 முதல் 0.8 மி.மீ., டூ ஸ்ட்ரோக்குக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. ஃபீலர் கேஜ் விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி வையுங்கள். திரும்பப் போடும்போது மரை தப்பாமல் விரலாலேயே முழுக்கத் திருகிவிட்டு, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்குள். எஞ்சின் தலை அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் நன்றாகத் தொடும்படி பிடித்து, சுவிட்சை ஆன் செய்து கயிறை இழுக்க வேண்டும். கேப்பின் ரப்பரைப் பிடியுங்கள், உலோகத்தில் விரல் படக் கூடாது. நிழலில் பார்த்தால் முனையில் நீலமாகத் தெறிப்பது தெரியும். மஞ்சளாக, மெலிசாக, விட்டு விட்டு வந்தால் அது போதாது.

ஒரு எச்சரிக்கை. பிளக் துளைக்குப் பக்கத்தில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். இழுக்கும்போது அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சியடிக்கும், தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். துளையை ஒரு துணியால் மூடி, பிளக்கைத் தள்ளி வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அது காய்ந்த பிறகு செய்யுங்கள்.

கரண்ட் வரவில்லை. காயில் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பிளக்குக்குக் கரண்ட் தரும் காயில் கடைசிக் குற்றவாளி. முதலில் ஒரு புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். பார்க்க நன்றாக இருக்கும் பிளக்கும் உள்ளே செத்திருக்கும். அடுத்து கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றிப் பாருங்கள். வயர் நுனி பச்சை பூத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள்.

அதுவும் சரி என்றால் காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்துவது அந்த வயர்தான்: சுவிட்ச் ஆஃப் ஆகும்போது காயிலை பாடியோடு சேர்த்துவிடும். எங்கேயாவது வயர் உரிந்து பாடியில் பட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் எப்போதும் ஆஃபில் இருக்கிற மாதிரிதான். வயரைக் கழற்றியதும் கரண்ட் வந்தால் காயில் நல்லது. வயரையோ சுவிட்சையோ ஆயில் சென்சாரையோ பாருங்கள். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் சுவிட்சால் நிறுத்த முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஃபிளைவீல், அதாவது மேக்னெட் பதித்த சுழல் சக்கரம். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த மிஷினில் மேக்னெட்டும் காயிலின் இரும்புக் காலும் துருப்பிடித்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் இரண்டையும் தேய்த்துத் துடைத்துவிட்டு, நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, மேக்னெட் காயிலைத் தானாக இழுத்துப் பிடித்தபின் இரண்டு போல்ட்டையும் முடுக்கி, கார்டை உருவிவிடுங்கள். இடைவெளி ஏறத்தாழ 0.3, 0.4 மி.மீ. வந்துவிடும். இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் காயில் மாற்றலாம்.

டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறதே, அது போன சீசனில் ஊற்றியதாக இருந்தால் என்ன?

முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான். பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகிறது. மூடி வைத்தாலும் மாதக் கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். மிச்சம் இருப்பது எரியும், ஆனால் கிளப்பாது. அதோடு காற்றில் பட்டுப் பிசினாகவும் மாறும். ஒரு மாதம் தாண்டிய பெட்ரோலை நான் நம்புவதில்லை.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2023-இல் தொடங்கிப் படிப்படியாக நம் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரோடு உறவாடும். காற்றிலுள்ள ஈரத்தையும், டேங்க் சுவரில் வேர்க்கும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். ஓர் அளவு வரை கலங்காமல் வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? எஞ்சினுக்குப் போவது அந்தக் கழிவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷெட்டில் கிடக்கும் மிஷின்களில் இது சர்வ சாதாரணம். பழைய மிஷின்களின் ரப்பர் குழாயையும் வாஷரையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும், நாளடைவில் குழாய் வெடிப்பு விடும்.

சந்தேகம் இருந்தால் டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக நீர் மாதிரி ஏதாவது நின்றால், அல்லது பெட்ரோல் தேநீர் நிறத்தில் புளித்த வாடை அடித்தால், அதைப் புதுப் பெட்ரோலோடு கலந்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். முழுக்க வடித்து, டேங்கையும் காக்கின் அடியிலுள்ள சின்னக் கிண்ணத்தையும் அலசிவிட்டு, அரை லிட்டர் புதுசு ஊற்றுங்கள். வடித்ததைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் வரை போகும்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் பிளக் காய்ந்தே இருக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

அதற்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் சாய்வாக ஒரு வடிகால் போல்ட் இருக்கும், 10 மி.மீ. ஸ்பேனர். கீழே டப்பா வைத்து அதைத் தளர்த்துங்கள். காக் திறந்திருக்கும்போது பெட்ரோல் நிற்காமல் ஒழுக வேண்டும். ஒழுகவே இல்லை என்றால் அடைப்பு மேலே: டேங்க் ஜல்லடை, காக், குழாய் அல்லது கிண்ணத்துக்குள் மிதவையோடு ஏறி இறங்கிப் பெட்ரோல் வரும் வாயை மூடித் திறக்கும் ஊசி வால்வு. முதலில் ஒழுகி, பிறகு மெலிந்து நின்றுபோனால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். திறந்ததும் மறுபடி ஒழுகினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஐந்து நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்கும் மிஷின்களில் பல இதனால்தான்.

பெட்ரோல் நன்றாக ஒழுகுகிறது, பிளக் மட்டும் காய்கிறது என்றால் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பாகம்) அடைத்திருக்கிறது. காக்கை மூடிவிட்டு, கிண்ணத்தின் நடுப் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். மாதக்கணக்கில் நின்ற மிஷினில் கிண்ணத்தின் அடியில் பழைய பலாப் பிசின் மாதிரி மஞ்சள் படலமும், சில சமயம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைத் துகளும் இருக்கும். நடுத் தூணுக்குள்ளே பித்தளையில் மெயின் ஜெட். சரியான அகலமுள்ள திருப்புளியால் கழற்றி, வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். துளை முழு வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு.

அநேகம் பேர் இதோடு மூடிவிடுவார்கள். கிளப்புவதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் வேலை செய்வது இன்னொரு ஜெட், பைலட் ஜெட். நான் சொன்ன மாதிரி எஞ்சினில் அது மேல்புறம், ஐடில் ஸ்க்ரூவுக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தலையோடு அழுந்தி உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மெல்ல நெம்பினால் வரும். அதன் துளை மயிரிழை அளவு. ஒரு தூசி போதும் அடைக்க. மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்து அதனால் குத்துங்கள். ஊக்கு, தையல் ஊசி கூடவே கூடாது. பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிட்டால் பிறகு எந்த செட்டிங்கும் நிற்காது. கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஒவ்வொரு துளையிலும் அடித்தால் மறுபுறம் பீறிட வேண்டும். அது கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பொருள்களை வெள்ளைத் துணி ஒன்றில் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஏன்?

பெட்ரோல் குறைவாகப் போகிறது. சோக் காற்றை மறித்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. மேலே சொன்ன ஜெட் அடைப்புதான் பெரும்பாலும். ஜெட் சுத்தமாக இருந்தும் இப்படி என்றால் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் கிழிந்து அந்த வழியாகக் காற்று இழுக்கிறது. அப்படியே சோக்கிலேயே ஓட்டிச் சமாளிக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு கலந்து போகும் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துவிடும்.

பெட்ரோல் ஓவராகிவிட்டது. வெயிலில் காயப் போட வேண்டுமா?

வேண்டாம். சுவிட்சை ஆஃப் செய்து, காக்கை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பத்துத் தடவை இழுங்கள். தேங்கியது ஆவியாக வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் போட்டு, சோக் இல்லாமல் கிளப்புங்கள். பிளக்கைத் தீயில் காட்டிச் சுடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பெட்ரோல் மிஷின் பக்கத்தில் நெருப்பு எதற்கு? பனியன் துணியால் துடைத்தாலே போதும்.

திரும்பத் திரும்ப ஓவரானால் மிதவைக்கு மேலுள்ள ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் வாயில் தூசி நிற்கிறது. அந்த நிலையில் காக்கைத் திறந்தே விட்டுவிட்டுப் போனால் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் வாடை அடித்து அளவும் கூடியிருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

பிரஷ் கட்டர், செயின்சாவுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பிளக், கரண்ட், பழைய பெட்ரோல் எல்லாம் பொருந்தும். கார்பரேட்டர் வேறு: இதில் மிதவை கிடையாது, மெல்லிய ரப்பர் டயஃப்ரம்தான் பெட்ரோலை இழுத்துத் தள்ளும். அது காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துவிட்டால் பெட்ரோல் வராது. ரிப்பேர் கிட் கிடைக்கும், மாற்றிவிடலாம். அடியிலுள்ள ரப்பர் குமிழை ஏழெட்டுத் தடவை அமுக்கினால், திரும்பிப் போகும் குழாயில் பெட்ரோல் ஓடுவது தெரிய வேண்டும். காற்றுக்குமிழியாகவே வந்தால் குழாய் எங்கோ வெடித்திருக்கிறது. டேங்குக்குள் குழாயின் நுனியில் ஒரு ஃபில்டர் தொங்கும், கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள், கறுத்துப்போயிருந்தால் மாற்றுங்கள்.

ஆயில் கலவையை ஊகத்தில் ஊற்றாதீர்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மிஷினுக்கு எது என்று டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும். இருமல் மருந்து மூடி அளவு போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பிஸ்டனை இழந்தவர்கள் உண்டு. வெறும் பெட்ரோலில் ஓட்டிய சந்தேகம் இருந்தால் சைலன்சரைக் கழற்றி அந்த வாய் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் தப்பித்தீர்கள். நெடுக்கே கீறல்கள் இருந்தால் சிலிண்டர் கிட்தான் வழி.

சைலன்சரைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. சும்மா கிடக்கும் மிஷினின் சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடும். வெளியே வழி இல்லாவிட்டால் உள்ளே எப்படிக் காற்று போகும்? ஒரு பம்ப்செட்டில் எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பாமல் அரை நாள் போராடிவிட்டு, கடைசியில் சைலன்சரைத் தட்டினால் காய்ந்த மண் உருண்டை உருண்டையாக விழுந்தது. இப்போதெல்லாம் நான் முதலிலேயே டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப்செட். காலையில் கிளம்ப மறுக்கிறது?

நேற்று மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருப்பீர்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் நிற்பது மண்ணெண்ணெய், அது குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. வடிகால் போல்ட்டைத் திறந்து கிண்ணத்தை வடித்துவிட்டு, காக்கைப் பெட்ரோல் பக்கம் திருப்பி நிரப்பிக் கிளப்புங்கள். இனிமேல் நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள்.

இழுத்தால் கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஒருமுறை பின்பக்கமாக வெடிக்கவும் செய்தது?

அதற்குக் கொஞ்ச நாள் முன் வீடரின் பிளேடு கல்லிலோ வேரிலோ அடித்து எஞ்சின் சட்டென்று நின்றதா? அப்படியென்றால் ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்னக் கீ வெட்டுப்பட்டிருக்கும். கீ அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கரண்ட் வரும் நேரம் மாறிவிடும். பிளக்கில் நீலமாகக் கரண்ட் தெறிக்கும், பெட்ரோலும் இருக்கும், ஆனால் எஞ்சின் எடுக்காது, உதைக்கும். ஃபிளைவீலைக் கழற்ற புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்து மேக்னெட்டை உடைத்துக்கொள்ளாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கயிறு இழுக்கவே வரவில்லை. எஞ்சின் ஜாமா?

பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். தாராளமாக வந்து, துளையிலிருந்து ஆயிலோ பெட்ரோலோ பீச்சினால் சிலிண்டருக்குள் நீர்மம் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். பிளேடு மாற்ற வீடரைக் கார்பரேட்டர் பக்கமாகச் சாய்த்துப் போட்டால் இப்படி ஆகும். பிளக்கைக் கழற்றியும் அசையவில்லை என்றால் பம்ப் பக்கம் கல், பிளாஸ்டிக் பை ஏதாவது சிக்கியிருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம்; எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் இருக்கிறதா என்று கேஜ் இல்லாமல் தெரியுமா?

பிரஷ் கட்டர், செயின்சாவில் தெரியும். சுவிட்சை ஆஃப் செய்து, கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் நல்லது. கயிறு தங்குதடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரிங் போயிருக்கிறது. நாலு ஸ்ட்ரோக்கில் இந்தக் கணக்கு சரிவராது. கை வலிக்காமல் இழுப்பதற்காக, கிளப்பும்போது வால்வை லேசாகத் திறந்துவைக்கும் அமைப்பு அதற்குள்ளேயே உண்டு. அங்கே டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியைப் பாருங்கள்: குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் கசிந்துவிடும்.

காலையில் கிளம்புகிறது. சூடாகி நிறுத்தினால் மறுபடி கிளம்பவில்லை?

சூட்டோடு சூடாகப் பிளக்கில் கரண்டைச் சோதியுங்கள். சூட்டில் கரண்ட் போய், ஆறியதும் திரும்பி வந்தால் அது உண்மையிலேயே காயில். கரண்ட் இருக்கிறது என்றால் டேங்க் மூடித் துளை, அல்லது இப்போது சொன்ன டேப்பட். சூடான எஞ்சினுக்குச் சோக் போட்டு ஓவராக்குவதும் நிறைய நடக்கிறது.

பிளக் துளையில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பலாமா?

சோதனைக்காக அரை டீஸ்பூன் ஊற்றலாம். இரண்டு வினாடி ஓடி நின்றால் கரண்டும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல்தான் வரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். தினமும் இப்படியே கிளப்பிக்கொண்டிருந்தால் ஒரு நாள் தீப்பிடிக்கும்.

தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது. கிளப்பிய பம்ப்செட்டைக் கிணற்றுக்குள் படியில் இறக்கி வைக்கலாமா?

கூடாது. எவ்வளவு அவசரமானாலும் கூடாது. இந்த ஆசை ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். மேலே வைத்த பம்ப் கணக்குப்படி 10 மீட்டர் வரை உறிஞ்ச வேண்டும், நடைமுறையில் 7, 8 மீட்டருக்குமேல் இழுக்காது. கோடையில் தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டால் பம்ப்பைக் கீழே இறக்கத் தோன்றும். ஆனால் பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காற்றோட்டம் இல்லாத கிணற்றில் சில நிமிடத்தில் ஆளை மயக்கிச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்குபவரையும் சாய்க்கும். அப்படி ஏதாவது நடந்தால் யாரும் இறங்காமல் 101-க்கும் 108-க்கும் அழையுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, திண்ணையில் ஜன்னலுக்குக் கீழோ ஓட்டுவதும் இதே ஆபத்துதான். புயல் நேரத்தில் மழைக்குப் பயந்து உள்ளே இழுத்து வைக்கிறார்கள். வெளியே தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி, மேலே தகரம் மட்டும் போட்டு ஓட்டுங்கள்.

வேலை முடிந்தது. அடுத்த சீசன் வரை எப்படி வைப்பது?

டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில் எஞ்சினைக் கிளப்பி, அது தானாக நிற்கும்வரை ஓடட்டும். பிறகு கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்து, பிளக்கைப் போடுங்கள். கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்தி வைத்தால் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஆறிய சைலன்சர் வாயில் குளவி நுழையாமல் ஒரு துணியைச் செருகுங்கள். எடுக்க மறந்துவிடாமல் கண்ணில் படும்படி அது சிவப்புத் துணியாக இருக்கட்டும், வால் ஒரு சாண் வெளியே தொங்கட்டும்.